புதுப்பிப்பு: அம்மாவின் கொலஸ்டிரமின் பொடியும் தைராய்டு மாத்திரையும்

பித்தப்பை எடுத்த பிறகு அம்மாவுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு, கொலஸ்டிரமின் பொடியில் அது நின்றது, ஆனால் டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் அளவு) ஏறிவிட்டது, ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

தப்பு எங்கள் பக்கம்தான். காலையில் தைராய்டு மாத்திரை, அரை மணி நேரத்தில் பொடி. இந்தப் பொடி ரத்தத்தில் கலப்பதில்லை. வயிற்றுப்போக்கைக் கிளப்பும் பித்த அமிலத்தைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். போகிற போக்கில் மாத்திரையையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது!

டாக்டர் சொன்னபடி இப்போது மாத்திரை 6 மணிக்கு, பொடி மதியச் சாப்பாட்டுக்கு முன். வேறு மாத்திரைகள் பொடிக்கு 1 மணி நேரம் முன்னால், இல்லையென்றால் 4 முதல் 6 மணி நேரம் கழித்து.

அப்புறம், கலக்குவது தனிக்கலை. 4 கிராம் பாக்கெட் தண்ணீரில் கரையவே கரையாது, நைசான மணல் மாதிரி மிதக்கும். மேலே தூவி ஓரிரு நிமிடம் ஊறவிட்டுக் கலக்கினால் கட்டி தட்டாது. அம்மா ஆரஞ்சுச் சாற்றில்தான் குடிக்கிறார். அடியில் தங்குவதையும் அலசிக் குடிக்க வேண்டும். வெறும் பொடியாக வாயில் போடவே கூடாது.

இப்போது புதுப் புகார், மலச்சிக்கல். பொடியின் அளவைக் குறைக்கலாமா என்று வியாழக்கிழமை டாக்டரிடம் கேட்கப் போகிறோம்.