டெய்சியைச் சேர்த்தா, சேர்க்காமலா?

பழைய கேசட்:
நேற்று மழைக்குருவி என்பவர் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். உலகத்தில் இல்லாத ஒரு ராக் குழுவைப் பற்றிய நாவலைப் படித்துக் காதலில் விழுந்துவிட்டாராம், ராத்திரி இரண்டு மணிக்கு அழுதாராம். அழட்டும், அவர் கண்ணீர், அவர் தலையணை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது ஒரே வரிதான்: "டெய்சியோடு சேர்த்து ஆறு பேர்". டெய்லர் ஜென்கின்ஸ் ரீட் 2019இல் எழுதிய அந்த நாவலின் பெயரே 'டெய்சி ஜோன்ஸ் & தி சிக்ஸ்'. பாடகி டெய்சி தனி, 'சிக்ஸ்' என்ற ஆறு பேர் தனி. பில்லி, கிரகாம், வாரன், எடி, பீட், கேரன். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். டெய்சி ஏழாவது ஆள். வீட்டில் எத்தனை பேர் என்றே தெரியாமல் சம்பந்தம் பேசப் போன கதையாக இருக்கிறது.

மழைக்குருவி:
நாற்பது வரி எழுதினேன் சார், உங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு வரிதானா? அந்தப் புத்தகத்தை நான் 2020இல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது படித்தேன். பாதிப் புத்தகம் வரைக்கும் இது நிஜமான குழு என்றே நம்பிவிட்டேன். கதை சொல்பவர் என்று யாரும் கிடையாது, ஆளாளுக்குப் பேட்டியில் பேசுவது மட்டும்தான், பில்லி ஒன்று சொன்னால் அடுத்த வரியிலேயே எடி அதை இல்லை என்பான். 'ஹனிகோம்ப்' (தேன்கூடு) பாட்டு உருவாகும் இடம் வந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு யூடியூபில் தேடினேன். தேனீ வளர்ப்பு வீடியோவாக வந்தது. அப்போது அந்தப் பாட்டுக்கு மெட்டே கிடையாது, வரிகள் மட்டும் காகிதத்தில். இல்லாத பாட்டைக் கேட்க முடியவில்லையே என்று ஒருத்தி ஏங்கியதைப் பற்றித்தான் எழுதினேன். ஆறா ஏழா என்பது அதில் எங்கே வருகிறது?

பழைய கேசட்:
முதல் பத்தியில் மூன்றாவது வரியில் வருகிறது. ஆறு என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு.

சும்மா படிப்பவன்:
இரண்டு பேருமே தப்பு. அந்த நாவலை வைத்து எடுத்த தொடரில் குழுவில் ஐந்து பேர்தான், ஆறாவது பில்லியின் மனைவி கமிலா. அவள் எதையும் வாசிப்பதில்லை, ஆனாலும் அவளையும் சேர்த்துத்தான் அந்தப் பெயர். 2023 மார்ச்சில் அமேசான் பிரைமில் வந்தது, நான் இரண்டு முறை பார்த்தேன்.

பழைய கேசட்:
தம்பி, தொடர் பார்த்தவர்கள் தொடர் பார்த்தவர்களோடு பேசுங்கள். தொடரில் பீட் என்ற ஆளையே தூக்கிவிட்டு, அவன் வாசித்த பேஸ் கிட்டாரை எடி கையில் கொடுத்துவிட்டார்கள். ஆள் குறைந்துபோனதால் கணக்கைச் சரிக்கட்டக் கமிலாவை உள்ளே இழுத்தார்கள். நாவலில் பீட் உண்டு. அதிகம் பேச மாட்டான், அதற்காக ஆள் இல்லை என்று ஆகிவிடுமா? பீட்டை மறந்தவர்கள் எல்லாரும் இந்த நாவலின் ரசிகர்களாம்.

மழைக்குருவி:
பீட்டை நான் மறக்கவில்லை. ஏதோ கை தவறி ஆறு என்று விழுந்துவிட்டது. சரி, இப்போது நான் ஒன்று கேட்கிறேன். போன மாதம் இதே இடத்தில் "இந்த நாவல் ஃப்ளீட்வுட் மேக்கின் கதையை அப்படியே உருவியது" என்று எழுதியது யார்? நீங்கள்தானே? ஃப்ளீட்வுட் மேக் நிஜமான ராக் குழு, அதில் அந்தக் காலத்தில் ஐந்து பேர். நீங்களே இங்கே ஏழு, ஏழு என்று தலையில் அடித்துச் சொல்கிறீர்கள். அப்படியே உருவியிருந்தால் மீதி இரண்டு பேர் எங்கிருந்து வந்தார்கள்?

பழைய கேசட்:
எண்ணிக்கை வேறு, சாரம் வேறு. அந்தக் குழுவில் காதலர்களாக இருந்த ஸ்டீவி நிக்ஸும் லிண்ட்சி பக்கிங்ஹாமும் பிரிந்த பிறகும் ஒரே மேடையில் நின்று ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிய பாட்டைப் பாடினார்கள். ஜான் மெக்வீயும் கிறிஸ்டின் மெக்வீயும் கணவன் மனைவி, அவர்களும் அதே நேரத்தில் பிரிந்தார்கள், அந்தப் புகைச்சலுக்கு நடுவில்தான் 'ரூமர்ஸ்' ஆல்பம் பிறந்தது. நாவலாசிரியரே 1997இல் அந்தக் குழு மறுபடி ஒன்றுசேர்ந்து பாடியதைப் பார்த்ததுதான் விதை என்று சொல்லியிருக்கிறார். அசல் இருக்கும்போது நகலுக்கு எதற்கு அழுகை? ரூமர்ஸை ஒரு முறை முழுசாகக் கேளுங்கள், அப்புறம் வாருங்கள்.

சும்மா படிப்பவன்:
1997 வீடியோ நானும் பார்த்தேன். சில்வர் ஸ்பிரிங்ஸ் பாட்டில் அந்த லிண்ட்சி முறைத்துப் பார்க்கிறாளே, பயமாக இருந்தது.

பழைய கேசட்:
லிண்ட்சி ஆம்பளை. கிட்டார் வைத்திருக்கிறாரே, அவர். முறைத்துப் பாடியது ஸ்டீவி. இவர்களோடெல்லாம் உட்கார்ந்து இசை பேச வேண்டியிருக்கிறது.

சும்மா படிப்பவன்:
பெயரைப் பார்த்துக் குழம்பிவிட்டேன் அண்ணே, அதற்கு ஏன் இவ்வளவு நக்கல்? பிறக்கும்போதே இசைத்தட்டோடு பிறந்தீர்களா?

கணக்குப்பிள்ளை:
சண்டைக்கு நடுவில் ஒரு விஷயம். நாவலில் அந்தக் குழு உடைவது 1979 ஜூலை 12, சிகாகோவில். நிஜத்தில் அதே தேதியில் அதே ஊரில் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஒரு பெட்டி டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். இசைத்தட்டு கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி ரகளை செய்ததில் அன்றைய இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. ஆசிரியர் தெரிந்தே அந்தத் தேதியை வைத்தாரா என்று எனக்கு ரொம்ப நாளாகக் குறுகுறுப்பு. தொடரில் அதை 1977 அக்டோபருக்கு மாற்றிவிட்டார்கள்.

மழைக்குருவி:
அட, இது எனக்குத் தெரியாது. இதைப் பேசலாமே!

பழைய கேசட்:
பேசலாம். முதலில் அந்தச் சிகாகோ மேடையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று மழைக்குருவி சொல்லட்டும்.

ஏகாந்தன்:
நம்ம ஊரில் ராஜா சார் தனி ஆளாக இதையெல்லாம் எப்போதோ செய்துவிட்டார். இவர்களுக்கு ஆறு பேர் தேவைப்படுகிறது.

பழைய கேசட்:
ஏழு. ராஜாவை இதில் இழுக்காதீர்கள், அவருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மழைக்குருவி:
உங்கள் கோபம் எங்கே இருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும் சார். போன வருடம் ரூமர்ஸ் 1976இல் வந்தது என்று எழுதினீர்கள். 1977 பிப்ரவரி என்று நான் திருத்தினேன். அன்றையிலிருந்து என் பதிவுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறீர்கள்.

பழைய கேசட்:
பாடல் பதிவு நடந்தது 1976இல், சாசலிட்டோவில் ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோவில். பிள்ளை பிறந்த தேதியைச் சொல்வதா, பெயர் வைத்த தேதியைச் சொல்வதா? நான் பிறந்த தேதியைச் சொன்னேன். அதை நாலு பேர் முன்னால் சிரிப்பான் போட்டுத் திருத்தினீர்கள். சிரிப்பான் மூன்று. எண்ணி வைத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
பிள்ளை கருவில் இருந்ததுதானே 1976? பிறந்தது 1977தான்.

பழைய கேசட்:
உங்களை யார் கேட்டது?

மழைக்குருவி:
எனக்கு ரூமர்ஸ் பிடிக்கும் சார், வீட்டில் இசைத்தட்டாகவே வைத்திருக்கிறேன். ஆனால் நிஜக் குழு என்றால் எனக்கு முன்னாலேயே லட்சம் பேர் காதலித்து முடித்திருப்பார்கள். இந்தக் குழுவின் பாட்டு என் தலைக்குள் மட்டும்தான் ஓடியது, ஒவ்வொரு நாளும் வேறு வேறு மெட்டில். 2023இல் தொடருக்காக நாவலில் வரும் 'அரோரா' ஆல்பத்தை நிஜமாகவே வெளியிட்டபோது மூன்று நாள் அதைத் தொடவில்லை. நாலாம் நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன். நல்லாத்தான் இருந்தது. என் ஹனிகோம்ப் அன்றைக்குப் போனதுதான், இன்னும் திரும்பி வரவில்லை.

சும்மா படிப்பவன்:
தொடரில் டெய்சியாக நடித்துப் பாடிய ரைலி கீயோ, பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் பேத்தி, தெரியுமா? குரல் சும்மா வந்துவிடுமா? உங்கள் தலைக்குள் ஓடிய மெட்டைவிட அது நல்லாத்தான் இருந்திருக்கும் அக்கா.

மழைக்குருவி:
என் தலைக்குள் எட்டிப் பார்த்தீர்களா?

பழைய கேசட்:
உணர்ச்சியாக நாலு வரி எழுதினால் கணக்கு மறந்துபோகும் என்று நினைக்கிறார். நேற்றைய பதிவில் அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மழைக்குருவி:
இருக்கட்டும். திருத்துவதாக இருந்தேன், இனி திருத்த மாட்டேன்.

பழைய கேசட்:
பில்லி, கிரகாம், வாரன், எடி, பீட், கேரன். அப்புறம் டெய்சி.

ஏகாந்தன்:
இதில் டிரம்ஸ் யார்?

பழைய கேசட்:
வாரன். மேலே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டுப் பேசுங்கள்.

கணக்குப்பிள்ளை:
மேலே பெயர் மட்டும்தான் இருக்கிறது, யார் எதை வாசிக்கிறார் என்று இல்லை. இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.