பட்டால ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு: அப்பாவோட விவசாயி எண் நிக்குது, எதை முதல்ல திருத்தணும்?

காவேரிப்பட்டணம் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். ஊரு காவேரிப்பட்டணம் பக்கம், அப்பா பேர்ல ரெண்டே கால் ஏக்கர், பாதி மாந்தோப்பு, மீதி மழை பெய்ஞ்சா ராகி. பிஎம் கிசான் பணம் 2019ல இருந்து நாலு மாசத்துக்கு ஒருக்கா 2000 ரூபா வந்துட்டு இருந்துச்சு, இப்போ ரெண்டு தவணையா வரல. சரி விவசாயிக்குன்னு குடுக்குற அந்த 11 இலக்க தனி எண்ணாவது எடுத்துடலாம்னு கேம்ப்புக்கு கூட்டிட்டு போனேன், ஆதார் போட்டா போட்டோ விலாசம் எல்லாம் சரியா வருது, நிலத்தை சேக்குற இடத்துல மட்டும் பேரு பொருந்தல, மேட்ச் ஸ்கோர் கம்மின்னு அங்கயே நிக்குது.

ராத்திரி எல்லா பேப்பரையும் பாய்ல பரப்பி வெச்சு ஒண்ணொண்ணா பாத்தேன். ஆதார்ல தமிழ்ல "மாதப்பன் சி", இங்கிலீஷ்ல 'த'வுக்கு டி எச் (DH) போட்டு எழுதியிருக்கு. பேங்க் பாஸ்புக்ல இனிஷியல் முன்னாடி, டி எச் இல்ல, டி (D) மட்டும். ரேஷன் ஸ்மார்ட் கார்டுல இனிஷியலே இல்ல. பட்டால "சின்னப்பையன் மகன் மாதப்பண்", கடைசி எழுத்து மூணு சுழி ண். இத்தனை வருஷமா வீட்ல ஒருத்தர் கண்ணுலயும் அது படல. 1996 பத்திரத்துல பேரு சரியா இருக்கு ஆனா மாவட்டம் தர்மபுரின்னு இருக்கு.

ஆதார்ல ஏற்கனவே ஒரு தடவை பேரு திருத்தியாச்சு. ஒரு சென்டர்ல பட்டா எப்படி இருக்கோ அப்படியே ஆதாரை மாத்திடுங்கன்றாங்க, இன்னொருத்தர் பேங்க்ல மாத்துங்கன்றார். அப்பாவுக்கு 67 வயசு, ஒவ்வொரு ஆபீசுக்கும் ஒரு நாள் கூலி போகுது. எதுல ஆரம்பிக்கறது, தயவு செஞ்சு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அரூர் இ-சேவை அக்கா:
தம்பி முதல்ல ஆதார்ல கை வெக்காதீங்க. பேரு திருத்தம் ஆயுசுக்கே ரெண்டு தடவை தான், நீங்க ஒண்ணு முடிச்சிட்டீங்க, இப்போ தப்பா இருக்கற பட்டாவுக்காக சரியா இருக்கற ஆதாரை மாத்தினா நாளைக்கு வேற ஒரு துறைக்காக திரும்ப மாத்தணும்னு வரும்போது வழியே இருக்காது. தப்பு எங்க இருக்கோ அங்க தான் திருத்தணும்.

பணம் வராததும் விவசாயி எண் நிக்கறதும் ஒரே கோளாறுன்னு நினைக்காதீங்க. பிஎம் கிசானுக்கு மூணு விஷயம் பாக்கணும்: இகேஒய்சி (ஆதார் வெச்சு ஆளை சரிபாக்கறது) முடிஞ்சிருக்கா, நிலம் இணைஞ்சிருக்கா, ஆதார் எந்த பேங்க் கணக்கோட சேந்திருக்கு. மூணாவதை தான் யாரும் பாக்கறதில்ல. மைஆதார் தளத்துல உள்ள போய் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் பாருங்க, ஒரே ஒரு பேங்க் பேரு தான் காட்டும், கடைசியா எதோட சேத்தீங்களோ அது. பணம் அங்க தான் போவும். அப்பாவுக்கு ரேகை விழலன்னா (மண்ல வேலை செய்யற கைக்கு முக்கால்வாசி விழாது) பிஎம் கிசான் ஆப்ல முகம் காட்டியே இகேஒய்சி முடிக்கலாம்.

ஓய்வு பெற்ற விஏஓ, பென்னாகரம்:
அந்த மூணு சுழி ண் எங்க வந்துச்சுன்னு முதல்ல கண்டுபிடிங்க தம்பி. உங்க கிராமத்து 'அ' பதிவேடு (எந்த நிலம் யார் பேர்லன்னு இருக்கற கிராம கணக்கு) நகல் வாங்கிப் பாருங்க. பதிவேட்டுல ரெண்டு சுழி ன் இருந்து கம்ப்யூட்டர் பட்டால மட்டும் ண் இருந்தா அது ஏத்தினவங்க தப்பு, தாசில்தார் கிட்ட மனு குடுத்தா போதும், பத்திரம், ஆதார் நகல் வெச்சு குடுங்க. அப்படி இல்லாம யுடிஆர் (பழைய நில உடைமை மேம்பாட்டு கணக்கெடுப்பு) எடுத்தப்பவே தப்பா எழுதியிருந்தா டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) வரைக்கும் போவணும், நாள் ஆகும். ஜமாபந்தி (வருஷா வருஷம் தாலுகாவுல நடக்கற வருவாய் கணக்கு தணிக்கை) சமயம்னா அங்கயே குடுக்கலாம்.

மாவட்டம் பத்தி பயப்படாதீங்க. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதே 2004 பிப்ரவரில தான், அதுக்கு முந்தின பத்திரம் எல்லாத்துலயும் தர்மபுரின்னு தான் இருக்கும், அது செல்லும்.

மின் ஆளுமை வேலை பாத்தவன், ஓசூர்:
விஏஓ ஐயா சொன்னதோட ஒண்ணு சேக்கறேன், ஏன்னா இந்த ஸ்கோர் எப்படி வருதுன்னு தெரிஞ்சா கேம்ப்ல பேச உதவும். பட்டா தமிழ்ல இருக்கு, ஆதார்ல ஒப்பிடற பேரு இங்கிலீஷ்ல இருக்கு. தமிழ் 'த'வை ஒரு இடத்துல டி (D) ன்னும் இன்னொரு இடத்துல டி எச் (DH) ன்னும் வேற இடத்துல டீ எச் (TH) ன்னும் எழுதறாங்க, மூணும் நமக்கு ஒரே மாதப்பன், மெஷினுக்கு மூணு ஆளு. இங்க ஓசூர், தளி பக்கம் தெலுங்கு, கன்னட பேருங்க இன்னும் மோசம், வெங்கடரமணப்பாவை அஞ்சு விதமா பாத்திருக்கேன்.

இதுக்கு தரமே (ஸ்டாண்டர்டு) இல்லன்னு சொல்ல முடியாது. தமிழ்நாடு அரசு 2010லயே யூனிகோடு, டேஸ்16 (TACE16) ன்னு ரெண்டு எழுத்துக் குறியீட்டு முறையையும் தரமா அறிவிச்சு அரசாணை போட்டுச்சு, ஆனா அது எழுத்தை கம்ப்யூட்டர்ல எப்படி சேமிக்கணும்னு சொல்றது, மாதப்பனை இங்கிலீஷ்ல எப்படி எழுதணும்னு சொல்றதில்ல. ஆள் பேரு விலாசத்துக்கு மத்திய அரசோட எம்டிடிஎஸ் (MDDS, தகவலை எப்படி பதியணும்னு சொல்றது) தரம் 2011ல வந்துச்சு. ஆதார் சரிபார்ப்புலயே பேரு முழுசா பொருந்தணுமா, பாதி பொருந்தினா போதுமா, எத்தனை சதவீதம்னு கேக்குற துறையே வெச்சுக்கலாம். அங்க தான் சிக்கல், ஒரு துறை தளர்வா வெக்குது, இன்னொண்ணு இறுக்கமா வெக்குது, பான் கார்டு இனிஷியலையே ஏத்துக்காது அப்பா பேரை முழுசா கேக்கும், சான்றிதழுக்கு கேன் நம்பர் (இ-சேவைல ஆளுக்கு ஒண்ணு குடுக்கற எண்), ரேஷனுக்கு தனி நம்பர், எல்லாரும் உக்காந்து தமிழ் பேருக்கு ஒரே எழுத்து முறைன்னு ஒத்துக்கற வரைக்கும் அலையறது விவசாயி தான். எனக்கு இதுல ரொம்ப நாள் ஆதங்கம் உண்டு.

நீங்க செய்ய வேண்டியது: ஸ்கோர் கம்மின்னா விண்ணப்பத்தை பாதில மூடிட்டு வராதீங்க, அனுப்பிடுங்க, அதிகாரி ஆவணம் பாத்து ஒப்புதல் குடுக்கற வழி இருக்கு.

காவேரிப்பட்டணம் பையன்:
அக்கா, ஐயா, அண்ணா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு நிலவரம் சொல்றேன்.

பேங்க் சீடிங் பாத்தேன், நாங்க நினைச்ச பேங்க் இல்ல! நூறு நாள் வேலைக்காக போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து ரேகை வெச்சு ஆரம்பிச்ச கணக்கு ஒண்ணு, அதுல சேந்திருக்கு. போஸ்ட் ஆபீஸ் போய் கேட்டா ஒரு தவணை 2000 அங்க கிடக்குது. அப்பாவுக்கு அந்த கணக்கு இருக்கறதே மறந்து போச்சு. இன்னொரு தவணை இகேஒய்சி முடியாததால நின்னது, முகம் காட்டி முடிச்சாச்சு.

'அ' பதிவேட்டுல ரெண்டு சுழி ன் தான் இருக்கு ஐயா. எங்க ஊரு விஏஓ அந்த எழுத்து மேல பென்சில் வெச்சு அப்பாவுக்கு காட்டினார். தாசில்தாருக்கு மனு குடுத்து ஒப்புகை சீட்டு வாங்கிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும், பட்டா திருந்தி வர்ற வரைக்கும் விவசாயி எண்ணுக்கு காத்திருக்கணுமா, இல்ல இப்பவே அனுப்பலாமா?

அரூர் இ-சேவை அக்கா:
இப்பவே அனுப்புங்க தம்பி, காத்திருக்காதீங்க. ஒப்புகை சீட்டு, 'அ' பதிவேடு நகல், பத்திரம் மூணையும் கையில வெச்சிருங்க, ஒப்புதல் குடுக்கறவர் கேட்டா காட்டலாம். அதுக்கு முன்னாடி ஆதார்ல இருக்கற மொபைல் நம்பர் யார் கிட்ட இருக்குன்னு பாத்துக்கோங்க, ஓடிபி அதுக்கு தான் வரும்.