அம்மாவுக்கு ஹோல்டர் சோதனை: ஊட்டி, குன்னூரில் எடுக்க முடியுமா?

வணக்கம். அம்மாவுக்கு 62 வயது, கோத்தகிரி பக்கம் தேயிலை பறிக்கிறார். ஒரு மாதமாக மேடு ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்து, நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போகிறது என்கிறார். நாடி பிடித்துப் பார்த்தேன், ஒரு சீரே இல்லை. ஆனால் இசிஜி எடுக்கிற நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது! ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக (இதயத்தின் மேல் அறைகள் சீரில்லாமல் துடிக்கும் கோளாறு) இருக்கலாம், அப்படியானால் இதயத்தில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் ஆபத்து சுமார் 5 மடங்கு என்றார் டாக்டர். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

24 மணி நேரம் உடம்பில் மாட்டிவிட்டு இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி ஊட்டியிலோ குன்னூரிலோ உண்டா, கோவைக்குத்தான் போகவேண்டுமா? மலைப்பாதை பஸ்ஸில் அம்மாவுக்கு வாந்தி வரும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, அதில் இந்தச் சோதனை வருமா? உங்கள் வீட்டில் யாருக்காவது எடுத்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.