பெட்ரிஃபைட்னா பயமா, கல்லா?
ஃப்ரெண்ட்ஸ் ஒரு சின்ன ஹெல்ப். பொண்ணுக்கு 'பெட்ரிஃபைட்' வச்சு வாக்கியம் எழுதச் சொல்லி ஹோம்வொர்க், ரொம்ப பயந்து போறதுனு சொல்லிக்குடுத்தேன், உடனே அவ, அப்போ திருவக்கரைல பாத்த கல்மரத்துக்கும் (கல்லாவே மாறிப்போன மரம்) இதே வார்த்தைதானே, மரம் எதுக்கும்மா பயந்துச்சுங்கறா! டிக்‌ஷனரில பாத்தா கிரேக்கத்துல பெட்ரான்னா பாறையாம். அப்போ பயத்துல அசையாம கல்லு மாதிரி நிக்கறதுதானே, நம்ம வெலவெலத்துப் போறது இதுல சேராதுல்ல, அதுல கை காலெல்லாம் நடுங்குமே?

அவ எழுதினது: 'ஐ ஆம் வெரி பெட்ரிஃபைட் ஆஃப் லிசார்ட்ஸ்'. இந்த வெரி எனக்கு இடிக்குது, போடலாமா? ஆஃப் சரியா, இல்ல பை வரணுமா? பல்லிக்குப் போய் இவ்ளோ பெரிய வார்த்தையானும் இருக்கு (வீட்ல அவ கத்துற கத்துக்கு கம்மிதான்). காலைல நோட்டு குடுக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.