'கெர்ஃப்' என்பதற்கு 'அறுவாய்' பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மரவேலை கற்க வரும் மூத்தோருக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிவருகிறேன். ரம்பம், உளி, இழைப்புளி என்று தடையின்றி எழுதி வந்த நான், பலகையை அறுக்கும்போது ரம்பத்தின் பற்கள் தூளாக்கி நீக்கிவிடும் அந்த ஒடுங்கிய இடைவெளியை, அதாவது ஆங்கிலத்தார் கெர்ஃப் என்பதை, எழுத வேண்டிய இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு 'தகட்டுத் தடிமன்', 'வெட்டிழப்பு', 'ரம்பத்தடம்' ஆகிய சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன.

இதற்குத் தனிச்சொல் தேவையா என்று கேட்போருக்கு என் வீட்டு அலமாரியையே சான்றாகத் தருகிறேன். வீவக (சிங்கப்பூர் வீட்டு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் முழு ஒட்டுப்பலகையைக் கிடத்தி அறுக்க இடம் போதாது என்பதால், அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துக் கடையில் அறுத்து வாங்கினேன். 2,440 மி.மீ. நீளப் பலகையை எட்டால் வகுத்து, தட்டுக்கு 305 மி.மீ. என்று எழுதியிருந்தேன். எட்டுத் துண்டுகளுக்கு ஏழு முறை அறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 3.2 மி.மீ. தூளாகப் போனால் 22.4 மி.மீ. குறையும். என் கடைசித் தட்டு அந்த அளவுக்குக் குட்டையாக வந்தது. தட்டுக்கு 302.2 மி.மீ. என்று எழுதியிருக்க வேண்டும். பிழை என்னுடையதுதான், ஆனால், பெயரில்லாத ஒன்றைக் கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

முன்வைக்கப்பட்டவற்றுள் 'தகட்டுத் தடிமன்', அதாவது ரம்பத் தகட்டின் தடிமன் என்பது, பொருளையே மாற்றிவிடுகிறது. கைரம்பத்தின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இருபுறமும் சற்றே வளைத்திருப்பார்கள். வட்ட ரம்பத்தில் பற்களில் பொருத்திய கடினமான கார்பைடு முனைகள் தகட்டைவிட அகலமாக இருக்கும். தகடு சிக்கிக்கொள்ளாமல் ஓடுவதற்காகவே இந்த ஏற்பாடு என்பதால், விழும் இடைவெளி எப்போதும் தகட்டைவிடப் பெரியது.

'வெட்டிழப்பு' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. விறகை வெட்டுகிறோம், பலகையை அறுக்கிறோம், கண்ணாடியைக் கீறி ஒடிக்கிறோம். இவ்வினைகளைத் தமிழ் தெளிவாகப் பிரித்தே வைத்திருக்கிறது. கீறி ஒடிக்கும் கண்ணாடியிலும் ஜிப்சம் பலகையிலும் கணக்கில் கொள்ளத்தக்க இழப்பு இல்லை. மேலும், 'இழப்பு' என்பது அளவை மட்டுமே குறிக்கும். கண்ணால் காணும் பிளவைக் குறிக்காது. நமக்கு இரண்டும் வேண்டும்.

ஆகவே 'அறுவாய்' என்னும் சொல்லை முன்மொழிகிறேன். கால்வாய், மடைவாய் என்பவற்றில் உள்ள 'வாய்' நீண்ட திறப்பைக் குறிக்க இயல்பாக அமைகிறது. அதைவிட என்னை ஈர்த்தது, திருக்குறளின் 1117ஆம் குறளில் 'அறுவாய் நிறைந்த அவிர்மதி' என இச்சொல் ஏற்கெனவே இருப்பதுதான். அங்கே அது தேய்ந்து குறைந்த இடத்தைக் குறிக்கிறது. பலகையில் குறைந்துபோன இடத்துக்கு அதை வழங்குவது வலிந்து பொருத்துவதாகாது. இழப்பைச் சொல்ல வேண்டுமிடத்தில் 'அறுவாய் அகலம்' என்று எழுதலாம்.

அறுமுகன், அறுசுவை என்பவற்றைப் போல 'ஆறு வாய்' என்று கொள்ள இடமுண்டு என்பது நியாயமான தடை. ஆனால், பட்டறையில் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது அம்மயக்கம் நேராது என்றே கருதுகிறேன். லேசர்க் கற்றையால் அக்ரிலிக்கை அறுக்கும்போது பற்கள் இல்லை, தூளும் இல்லை, பொருள் உருகி ஆவியாகிறது. அங்கும் 'அறுவாய்' செல்லும், 'ரம்பத்தடம்' செல்லாது.

கையேட்டில் இப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன்: "அறுவாய் முழுவதும் கோட்டின் கழிவுப் பக்கம் விழுமாறு ரம்பத்தை வைக்கவும், கோட்டின் நடுவே வைத்தால் அறுவாய் அகலத்தில் பாதி, வேண்டிய துண்டிலிருந்து போய்விடும்." இவ்வரியை மரவேலை பழகாத ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் ரம்பத்தை எங்கே வைக்கிறார் என்று பார்த்து எழுதுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.