லெட் செப்பெலின், 1977 ஜூன் 21: மில்லார்ட் பதிவின் வேகத்தைச் சரிசெய்வது எப்படி?

பதினாறுதடம்:
வணக்கம். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் இங்கில்வுட் ஃபோரம் அரங்கில் மைக் மில்லார்ட் என்ற ரசிகர் ரகசியமாகப் பதிந்த லெட் செப்பெலின் ராக் குழுவின் கச்சேரி பற்றிக் கேட்கிறேன், ‘லிசன் டு திஸ் எடி’ என்ற பெயரில் சுற்றுவது. என்னிடம் இரண்டு ஃபிளாக் (தரம் குறையாத ஒலிக்கோப்பு) தொகுப்புகளும் ஒரு கேசட் நகலும் இருக்கின்றன. ஃபிளாக் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால், ‘நோ குவார்ட்டர்’ முடிவதற்குள் ஒன்று பல நொடி முந்திவிடுகிறது. எது சரியான வேகம்? ஸ்டுடியோ இசைத்தட்டை வைத்துச் சுருதி பார்த்தால் போதுமா? கேசட்டைப் புதிதாகக் கணினியில் ஏற்றுவதில் பலன் உண்டா?

ஹம்‌வேட்டை:
ஸ்டுடியோ தட்டை அளவுகோலாக வைக்காதீர்கள். மேடையில் கிட்டார்கள் ஒன்றோடொன்று சுருதி சேர்ந்திருந்தால் போதும், 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதியில் நிற்க வேண்டிய கட்டாயமில்லை. ‘காஷ்மீர்’ பாட்டின் மெலோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவியும் உதவாது. அந்தக் கருவியே உள்ளுக்குள் டேப்பை ஓட்டித்தான் ஒலிக்கிறது.

நம்பத் தகுந்தது மின்சார ஹம், அதாவது மின்னோட்டத்தின் ரீங்காரம். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். மேடை ஆம்ப்ளிஃபையர்கள் அதை 60, 120, 180 என்று மடங்கு மடங்காக அரங்கத்துக்குள்ளேயே உறுமும், மைக் அதையும் பிடித்துவிடும். தேட வேண்டிய இடம் ‘வொயிட் சம்மர்’. கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் அதைத் தனியாக டேன்எலெக்ட்ரோ கிட்டாரில் வாசிக்கிறார். அதன் ஒற்றைச் சுருள் பிக்கப்பில் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) ஹம் தாராளமாக வரும், டிரம்ஸும் குறுக்கே வராது.

ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் ஒரு நகல் எடுத்து அதை மட்டும் 8000 ஹெர்ட்ஸுக்கு ரீசாம்பிள் செய்யுங்கள் (நொடிக்கு எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது). வாசிப்பு நிற்கும் இடமாகப் பார்த்து ஒன்பது பத்து நொடி தேர்ந்தெடுத்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தை 65536 அளவில் போடுங்கள். ஒரு கட்டம் சுமார் 0.12 ஹெர்ட்ஸ் வரும். 44100-லேயே பார்த்தால் ஒரு கட்டம் 0.67 ஹெர்ட்ஸ் ஆகிவிடும், அதில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தொடர்ந்து பத்து நொடி அமைதி கிடைக்காவிட்டால் சிறு சிறு இடைவெளிகளை ஒட்டிப் பார்க்காதீர்கள், ஒட்டிய இடங்களே முகட்டைக் கலைத்துவிடும். 180, 240 எனப் பெரிய மடங்குகளைப் பாருங்கள்.

120 இருக்க வேண்டிய முகடு 122.4-இல் நின்றால் டேப் 2 சதவீதம் வேகம், சுருதி 34 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறியிருக்கிறது. 120-ஐ 122.4-ஆல் வகுத்தால் 0.980. வேகமும் சுருதியும் சேர்ந்தே மாறும் எஃபெக்டில் அந்த எண்ணைக் கொடுங்கள். சுருதியை மட்டும் அல்லது தாளத்தை மட்டும் மாற்றும் எஃபெக்ட் வேண்டவே வேண்டாம், டிரம்மர் போன்ஹாமின் சிம்பல் ஓசை குழைந்துவிடும்.

இன்னொன்று: மூன்று மணி நேரக் கச்சேரி, சி90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். பதியும்போது பேட்டரி இறங்கி மோட்டார் தளர்ந்தால், பின்னர் கேட்கும்போது பக்கத்தின் கடைசியில் சுருதி ஏறிக்கொண்டே போகும். அதற்கு ஒரே எண் போதாது. வேகத்தை இடத்துக்கு இடம் மாற்ற விடும் டைம் டிராக்கில் சரிவாக வளைக்க வேண்டும்.

ஹெட்கிளீனர்:
கேசட் எத்தனையாவது தலைமுறை நகல் (நகலின் நகலா) என்று தெரியாமல் பலன் சொல்ல முடியாது. ஃபிளாக்கை விடச் சீறல் குறைவு, சிம்பல் தெளிவு என்று காது சொன்னால் மட்டும் மெனக்கெடுங்கள்.

ஏற்றும் முன் ஹெட் (டேப்பைப் படிக்கும் பாகம்), கேப்ஸ்டன் (டேப்பை இழுக்கும் தண்டு) இரண்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். டேப்பை அந்தத் தண்டோடு அழுத்தும் பிஞ்ச் ரோலரை அதே திரவத்தில் அடிக்கடி ஊறவைத்தால் ரப்பர் இறுகும். டேப்பை ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிடுங்கள், பல காலம் கிடந்த சுற்று இறுக்கம் விடும்.

பிறகு அசிமத், அதாவது டேப்புக்கு எதிரே ஹெட் நிற்கும் கோணம். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட திருகு இருக்கும். காந்தம் ஏறாத ஸ்க்ரூடிரைவரால் மிகச் சிறிதாகத் திருப்புங்கள், கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. இடம் வலம் இரண்டையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுச் சரிசெய்யச் சொல்வார்கள். ஸ்டுடியோ கேசட்டுக்கு அது சரி. இரண்டு மைக் வைத்த அரங்கப் பதிவில் மைக்குகளின் இடைவெளியாலேயே கால வேறுபாடு வரும், அதை அசிமத் பிழை என்று எண்ணித் திருத்தினால் உண்மையான ஸ்டீரியோவைக் கெடுக்கிறீர்கள். ஒரு சேனலை மட்டும் கேட்டு, சிம்பலும் சீறலும் மிகப் பிரகாசமாக வரும் புள்ளியில் நிறுத்துங்கள்.

டால்பி (சீறல் குறைக்கும் முறை) சுவிட்சை ஆஃப் செய்து ஏற்றுங்கள். நகலெடுத்தவர் எந்த நிலையில் வைத்திருந்தார் என்று உறைமேல் எழுதியிருப்பதை நம்ப முடியாது. தவறாக டால்பி போட்டால் மென்மையான இடங்களில் உச்ச ஒலி மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும். 24 பிட், முகடு -6 டெசிபெல் தாண்டாமல்.

பதினாறுதடம்:
இரண்டு ஃபிளாக்கையும் அளந்துவிட்டேன். ஒன்றில் 120.1. மற்றதில் 122-க்குப் பக்கத்தில் ஒரு முகடு, கூடவே சரியாக 100.0-இல் இன்னொன்று. அது என்ன?

ஹம்‌வேட்டை:
100.0 என்பது கச்சேரியின் ஒலி அல்ல. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் யாரோ அதைக் கணினியில் ஏற்றும்போது எர்த் லூப் (கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாவது) வழியாகப் புகுந்தது. டேப் வேகமாக ஓடியும் அது நகராமல் நிற்பதே சாட்சி. முதலில் அதை ஒரே அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் மெல்லிய நாட்ச் ஃபில்டரால் எடுங்கள், பிறகு வேகத்தைத் திருத்துங்கள். வரிசை மாறினால் 100 என்பது 98-க்குப் போய்விடும், அப்புறம் தேட வேண்டியதுதான். 120.1 உள்ள தொகுப்பை வேக விஷயத்தில் தொட வேண்டாம்.

தகரக்கூரை:
தொடும் முன் அந்த 120.1 தொகுப்பு எம்பி3-இலிருந்து ஃபிளாக் ஆக்கப்பட்டதா என்று பாருங்கள். நேரப்படி அதிர்வெண்களைக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் 16 கிலோஹெர்ட்ஸ் சுற்றி நேர்கோடாக வெட்டுப்பட்டிருந்தால் பெரும்பாலும் எம்பி3தான். கேசட்டின் சரிவு படிப்படியாக மங்கும், கோடு விழாது.

சிடியில் எழுதுவதாக இருந்தால், வேகம் மாற்றிய பின் பாட்டுகளைப் பிரிக்கும்போது 588 சாம்பிளின் மடங்கில் வெட்டுங்கள் (ஆடாசிட்டியில் சிடி ஃபிரேம் ஸ்னாப்). இல்லையென்றால் இடைவெளியின்றி ஓடும் ‘தி ரோவர்’ முன்னிசை – ‘சிக் அகெய்ன்’ சேர்க்கையின் நடுவே ‘டிக்’ என்று கேட்கும்.

நாய்ஸ் ரிடக்ஷன் (இரைச்சல் நீக்கம்) மட்டும் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மில்லார்ட் நாகமிச்சி 550 கேசட் ரெக்கார்டரைச் சக்கர நாற்காலியில் ஒளித்து உள்ளே கொண்டுபோய், ஏகேஜி 451 மைக்குகளில் பிடித்தது அரங்கத்தின் காற்றையும் சேர்த்துத்தான். ‘பேட்டில் ஆஃப் எவர்மோர்’, ‘கோயிங் டு கலிஃபோர்னியா’ என அக்கூஸ்டிக்காக உட்கார்ந்து வாசிக்கும் பகுதியில் சீறலோடு மேண்டலினின் ஓசையும் கழுவிக்கொண்டு போய்விடும். அதே குழு சிறிது நேரத்தில் ‘காஷ்மீர்’ இடியை இறக்குகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் இந்தப் பதிவின் உயிர். அதைச் சமமாக்கிவிடும் கம்ப்ரசரும் வேண்டாம்.

திருத்திய கோப்புகளோடு எழுத்துக் கோப்பு ஒன்றும் வையுங்கள்: மூலம், எந்தப் பக்கத்துக்கு என்ன எண், எந்த மென்பொருள். மூலத்தை அழிக்காதீர்கள்.