பேஸ்பால் சம்பளமும் ஆட்டமும்: ரிக்ரெஷனில் தொடர்பே தெரியவில்லை, தவறு எங்கே?

நேர்க்கோடு கேட்டது:

மேஜர் லீக் பேஸ்பாலில் வாங்குகிற சம்பளத்துக்கு ஏற்ப ஆடுகிறார்களா என்று புள்ளியியல் வழியாகப் பார்க்க வேண்டும். தரவு, பேஸ்பால் புள்ளிவிவரத் தொகுப்பான லாமன் தரவுத்தளம். அதில் சம்பள அட்டவணை 1985 முதல் 2016 வரை இருக்கிறது. ஆட்டக்காரர் அடையாளம், ஆண்டு இரண்டையும் வைத்து அதைப் பேட்டிங் அட்டவணையோடு இணைத்தேன். 502 பிளேட் அப்பியரன்ஸுக்கு (மட்டை பிடிக்க வந்த முறைகள்) கீழே உள்ளவர்களை நீக்கிவிட்டு, ஹோம் ரன், ஆர்பிஐ (தன் அடியால் வந்த ரன்கள்), பேட்டிங் சராசரி, ஸ்லக்கிங் (அட்-பேட்டுக்குச் சராசரியாக எத்தனை பேஸ் என்பது) நான்கையும் கொண்டு அதே ஆண்டுச் சம்பளத்துக்கு ரிக்ரெஷன் (தரவுக்கு ஒரு கோடு பொருத்தித் தொடர்பைப் பார்ப்பது) போட்டிருக்கிறேன். சம்பள வேறுபாட்டில் எவ்வளவை மாடல் விளக்குகிறது என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் மிகக் குறைவு. ஹோம் ரன்னின் கெழு (அது ஒன்று கூடினால் சம்பளம் எவ்வளவு மாறும் என்ற எண்) மைனஸில் வருகிறது. எச்சங்களின் (மாடலின் கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசம்) படம் விசிறி போல விரிகிறது. சம்பளத்துக்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு இல்லை என்று எழுதிவிடலாமா, இல்லை மாடலில்தான் கோளாறா?

மூன்றாம்பேஸ் பதில்:

எழுதிவிடாதீர்கள். அந்த லீக்கில் சம்பளத்தை முதலில் தீர்மானிப்பது சேவைக்காலம் (லீக்கில் இருந்த காலம்), ஆட்டம் அதற்கு அப்புறம்தான். அணிப் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஒரு முழு ஆண்டு. முதல் மூன்று ஆண்டுக்கு அணி கொடுப்பதுதான் சம்பளம், பெரும்பாலும் குறைந்தபட்சத் தொகையை ஒட்டியே இருக்கும். மூன்று முடிந்து ஆறு வரை நடுவர் குழுவிடம் போகலாம். ஆறு முடிந்தால்தான் எந்த அணியோடும் பேரம் பேசும் சுதந்திரம். இந்த மூன்று கட்டத்தையும் ஒரே கோட்டில் பொருத்தினால் ஒன்றும் தேறாது.

2012ஆம் ஆண்டில் இரண்டு பேரை மட்டும் எடுத்துப் பாருங்கள். மைக் டிரவுட்: பேட்டிங் சராசரி .326, ஹோம் ரன் 30, திருடிய பேஸ் 49. லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் அப்போது 4,80,000 டாலர். அவர் வாங்கியது அதைவிடக் கொஞ்சம்தான் கூட. ரயன் ஹோவர்ட்: 71 ஆட்டம், சராசரி .219, சம்பளம் 2 கோடி டாலர். ஹோவர்டின் 5 ஆண்டு, 12.5 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது 2010 ஏப்ரலில், தொடங்கியது 2012இல். இடையில் 2011 பிளேஆஃபில் கடைசி அவுட்டின்போது குதிகால் தசைநாண் அறுந்துபோனது. ஆக, 2012இல் அவர் வாங்கிய பணம் 2010க்கு முந்தைய ஆட்டத்துக்கான விலை. அதை 2012இன் ஆட்டத்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள்: உங்கள் 502 வடிகட்டியில் டிரவுட் தங்கிவிடுகிறார், ஹோவர்ட் கழிந்துவிடுகிறார். காசு கொடுத்தும் ஆடாமல் போனவர்களைத்தான் அது முதலில் வெளியே தள்ளுகிறது. உங்கள் கேள்விக்கு மிக வேண்டிய வரிகள் அவைதான். முந்தைய மூன்று ஆண்டும் சேர்த்து 300 பிளேட் அப்பியரன்ஸ் மாதிரி ஒரு தளர்வான வரம்பு போதும்.

சேவைக்காலம் லாமனில் கிடையாது. அறிமுக ஆண்டிலிருந்து எண்ணுவதுதான் எளிய வழி, ஆனால் விளிம்பில் பிசகும். கிரிஸ் பிரையன்ட் 2015 ஏப்ரல் 17இல் அறிமுகமானார். அந்த ஆண்டு அவர் கணக்கில் சேர்ந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைந்ததால் 2021 அவருக்கு ஏழாவது சீசனாக இருந்தும் சுதந்திரம் கிடைக்கவில்லை. மறுபக்கம், இரண்டு முதல் மூன்று ஆண்டுக்குள் இருப்பவர்களில் சேவைக்காலம் மிகுந்த 22 சதவீதம் பேர் ஓராண்டு முன்னதாகவே நடுவர் கட்டத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் நான்காவது, ஏழாவது சீசன் வரிகளை நீக்கி ஒருமுறை, சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். விடை மாறினால் அந்த விடையை நம்ப வேண்டாம்.

தரவுத்தச்சர் பதில்:

மாடலுக்கு முன்னால் இணைப்பைச் சரிபாருங்கள், அங்கேயே பாதி கெட்டிருக்கும். சீசன் நடுவில் அணி மாறியவருக்குப் பேட்டிங் அட்டவணையில் அணிக்கு ஒரு வரி இருக்கும். ஆட்டக்காரர், ஆண்டு வைத்து இணைத்தால் ஒரே சம்பளம் இரண்டு வரியிலும் ஏறிவிடும், ஆட்டம் மட்டும் இரண்டாக உடைந்து நிற்கும். முதலில் பேட்டிங்கை ஆட்டக்காரர்-ஆண்டு வாரியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். சராசரிகளைச் சராசரி எடுக்காமல் ஹிட், அட்-பேட் (வாக் போன்றவை நீங்கலாக மட்டை பிடித்த முறைகள்) எண்ணிக்கைகளைக் கூட்டி மறுபடி வகுக்க வேண்டும். சம்பள அட்டவணையையும் அதே மாதிரி ஒரு ஆளுக்கு ஒரு வரியாக்குங்கள். பூஜ்யம் என்று பதிவான சம்பளம் ஒன்றிரண்டு உண்டு. பின்னால் சம்பளத்துக்கு மடக்கை (லாக்) எடுத்தால் மாடல் அங்கேயே நின்றுவிடும். சம்பளம் பதிவாகாத இடத்தில் பூஜ்யம் போடாதீர்கள்.

1994இல் வேலைநிறுத்தத்தால் ஆகஸ்டோடு சீசன் நின்றது, 1995இல் 144 ஆட்டம். அந்த இரண்டு ஆண்டின் ஹோம் ரன்னையும் மற்ற ஆண்டுகளையும் அப்படியே ஒப்பிடக் கூடாது, 162 ஆட்ட விகிதத்துக்கு மாற்றுங்கள்.

நேர்க்கோடு:

இணைப்பில் நகல் வரிகள் இருக்கின்றன, கூட்டிவிட்டேன். ஹோம் ரன் மைனஸ் ஆனது ஏன் என்று மட்டும் புரியவில்லை. நான்கு எண்ணுக்குப் பதில் வார் (WAR) என்ற ஒற்றை அளவை மட்டும் போட்டால் போதுமா?

எச்சம் பதில்:

ஹோம் ரன் ஏற்கெனவே ஸ்லக்கிங்கின் உள்ளே நான்கு பேஸாக உட்கார்ந்திருக்கிறது, ஆர்பிஐயிலும் எண்ணப்படுகிறது. ஒரே சரக்கை மூன்று பெயரில் கொடுத்தால் கெழுக்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், குறியும் தலைகீழாகும். மாறிகள் ஒன்றோடொன்று எவ்வளவு பின்னியிருக்கின்றன என்று காட்டும் விஐஎஃப் எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். ஆர்பிஐ தன் முன்னால் பேஸில் யார் நின்றார்கள் என்பதையும் பொறுத்தது. தனி ஆளின் ஆட்டத்துக்கு அது நல்ல அளவுகோல் அல்ல.

வார் நல்ல தேர்வு. எளிதில் கிடைக்கும் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் அந்த இடத்தில் ஆடியிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட எத்தனை வெற்றி கூடுதல் என்பதே அது. ஃபீல்டிங், இடம் எல்லாம் உள்ளே வந்துவிடும். பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளத்தின் கோப்பிலிருந்து எடுத்தால் லாமனின் ஆட்டக்காரர் அட்டவணையில் அதற்கென்றே இருக்கும் அடையாள நெடுவரிசையை வைத்து இணையுங்கள். இரண்டும் பெரும்பாலும் ஒன்றே, ஆனால் சி.சி. சபாத்தியா போன்ற சிலருக்கு அங்கே ஒரு புள்ளி வரும், லாமனில் வராது, சத்தமில்லாமல் விழுந்துவிடுவார்கள். பிட்சர்களுக்கு (பந்து வீசுபவர்கள்) தனி மாடல் போடுங்கள். அவர்களின் வாரைப் பேஸ்பால்-ரெஃபரன்ஸ் விட்டுக்கொடுத்த ரன்னிலிருந்து கணக்கிடுகிறது, ஃபேன்கிராஃப்ஸ் தளம் ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன் மூன்றிலிருந்து கணக்கிடுகிறது. இரண்டையும் கலக்க வேண்டாம்.

எச்சங்கள் விசிறியாக விரிவதற்கு மருந்து மடக்கை. சம்பளத்தின் மடக்கையை இடப்பக்கம் வையுங்கள். வாருக்கு மடக்கை எடுக்க முடியாது, மைனஸிலும் வரும், அப்படியே விடுங்கள். வலப்பக்கம் முந்தைய மூன்று ஆண்டின் வார், அண்மையிலிருந்து 5:4:3 எடையில்; அது சேவைக்காலக் கட்டத்தோடு பெருக்கமாக (கட்டத்துக்குக் கட்டம் வாரின் கெழு மாறுவதற்கு); பிறகு வயது, வயதின் வர்க்கம், ஆடும் இடம், ஆண்டுக்கு ஒரு டம்மி (அந்த ஆண்டானால் 1, இல்லையென்றால் 0 என்ற மாறி). குறைந்தபட்சச் சம்பளமே 1985இல் 60,000 டாலர், 2016இல் 5,07,500 டாலர் என்று ஏறியிருக்கிறது, ஆண்டு டம்மி இல்லாவிட்டால் அந்த ஏற்றம் வாரின் தலையில் விழும். ஒரே ஆள் பத்து வரியில் வருவார் என்பதால் திட்டப்பிழையை (கெழு எவ்வளவு துல்லியம் என்று காட்டும் அளவு) ஆட்டக்காரர் வாரியாகத் தொகுத்துக் கணக்கிடுங்கள். கெழு 0.2 வந்தால் ஒரு வார் கூடும்போது சம்பளம் 22 சதவீதம் கூடுகிறது என்று பொருள், 20 அல்ல.

நடுவர் கட்டத்தைத் தனியாக ஒருமுறை ஹோம் ரன், ஆர்பிஐ வைத்தும் ஓட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டக்காரர் ஒரு தொகை சொல்வார், அணி ஒரு தொகை சொல்லும். விசாரணை வரை போனால் குழு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும், நடுவில் நிற்க முடியாது. பழைய எண்கள் நீண்ட காலம் செல்லுபடியான இடம் அது.

மூன்றாம்பேஸ்:

அணி அளவிலும் ஒரு படம் போடுங்கள், மேலே சொன்னது அங்கேயும் தெரியும். 2002இல் ஓக்லண்ட், நியூயார்க் யாங்கீஸ் இரண்டும் 103 வெற்றி. லாமனில் கூட்டினால் ஓக்லண்டின் சம்பளம் சுமார் 4 கோடி டாலர், யாங்கீஸ் சுமார் 12.6 கோடி. அந்த ஆண்டு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய ஓக்லண்டின் பேரி சிட்டோ 2000 ஜூலையில் அறிமுகமானவர், இன்னும் முதல் கட்டத்தில்தான் இருந்தார். நல்ல ஆட்டம் மலிவாகக் கிடைக்கிற கட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அணிக்கு ஒரு மாறியாகச் சேருங்கள்.

2016க்கு அப்பால் நீட்டினால் ஒத்திவைத்த பணத்தைப் பாருங்கள். ஷோஹெய் ஓட்டானியின் 10 ஆண்டு, 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஆண்டுக்குக் கையில் வருவது 20 லட்சம் டாலர்தான், மீதி 2034 முதல் 2043 வரை. ஆண்டுச் சம்பள நெடுவரிசையை நம்பினால் லீக்கிலேயே மலிவான நட்சத்திரம் அவர்தான் என்று மாடல் சொல்லும். ஆடம்பர வரிக்கு (அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் கட்டுவது) லீக் கணக்கில் எடுக்கும் தொகை ஆண்டுக்குச் சுமார் 4.6 கோடி டாலர், அதைப் போடுங்கள்.